15 வயது ஆட்டிச மகன் இரவில் தூங்குவதில்லை, பகலெல்லாம் கோபம்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி | 18 ஏப்ரல் 2024

மகனுக்கு வயது 15. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேசுவான், தேவைக்கு மட்டும். போன வருடம் வரை ஒன்பது மணிக்குப் படுத்தால் தூங்கிவிடுவான். இப்போது ராத்திரி இரண்டு மணி வரை கூடத்தில் நடக்கிறான். காலையில் எழுப்பினால் கையைக் கடித்துக்கொள்கிறான், தட்டைத் தள்ளிவிடுகிறான். கோபத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வயசுக் கோளாறு, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்கிறார் மாமியார். கோபம் அடங்கினால் தூக்கம் வருமா, தூக்கம் வந்தால் கோபம் அடங்குமா?

18 ஏப்ரல், இரவு

தூக்கத்தை முதலில் பாருங்கள்.

என் தம்பிக்கு 22 வயது. திருச்சியில் அம்மா, நான், அவன் மூவரும் இருக்கிறோம். அவன் பேசும் வார்த்தைகள் கொஞ்சம்தான். அவனுடைய பகலை அதற்கு முந்தைய இரவை வைத்துத்தான் நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 50 முதல் 80 சதவீதம் பேருக்குத் தூக்கச் சிக்கல் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது உங்கள் மகன் விதிவிலக்கு இல்லை. தூக்கம் கெட்டால் கோபம் வருவதும் ஆட்டிசத்துக்கு மட்டும் உரியதல்ல. 2007இல் தூக்க ஆய்வாளர் மாத்யூ வாக்கர் குழுவினர் ஆட்டிசம் இல்லாத நல்ல உடல்நிலை உள்ள இளைஞர்களை ஓர் இரவு தூங்கவிடாமல் வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். மனதைப் பதற வைக்கும் படங்களைக் காட்டியபோது, மூளையில் பயத்தையும் ஆபத்தையும் உணரும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. அதை அடக்கிவைக்கும் முன்மூளையோடு அதற்கு இருக்கும் தொடர்பும் பலவீனமாகியிருந்தது. ஒரே ஓர் இரவுக்கு இப்படி. உங்கள் பையன் மாதக்கணக்கில் இரண்டு மணி வரை விழித்திருக்கிறான். குக்கர் விசிலும் சட்டைக் காலரும் ஏற்கெனவே உறுத்துகிற உடம்பு அவனுடையது.

மாமியார் சொன்னதில் பாதி சரி. வயது ஒரு காரணம்தான். பருவமடையும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் உடலின் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகும். இருட்டியதும் மூளை விடும் மெலடோனின் தாமதமாக வரும். அதனால் ஒன்பது மணிக்குப் படுக்கவைத்தால் தூக்கம் வராது. செல்லத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவருக்கு இதை நிதானமாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

19 ஏப்ரல்

அவசரமாக ஒன்று. நான் நேற்று எழுதியதை வைத்துக் கோபத்துக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும், கோபமும் ஏறும். எதைக் குறைப்பதும் மருத்துவரோடு பேசி, மெதுவாக.

23 ஏப்ரல்

"தூக்கத்தைப் பார் என்கிறீர்கள், எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உடம்பு. வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை தூங்காமல் இருந்தால், உடம்பில் ஏதோ இருக்கிறது என்றே நான் தொடங்குவேன்.

தம்பிக்குப் பதினேழு வயது நடக்கும்போது படுத்தவுடன் குதிகாலைத் தரையில் தேய்க்க ஆரம்பித்தான். சிமெண்டுத் தரையில் குளிர்ச்சியான இடமாகப் பார்த்துக் காலை நகர்த்துவான், தேய்ப்பான், எழுந்து நாலு நடை நடப்பான், திரும்பப் படுப்பான். பாயின் கால்மாட்டுப் பக்கம் மட்டும் கோரை பிய்ந்து நூல் தொங்கும். பார்த்தவர்கள் எல்லோரும், ஆட்டிசத்தில் திரும்பத் திரும்ப ஒன்றையே செய்வார்கள், இது அந்த வகை என்றார்கள். நான் அதை வீடியோ எடுத்து ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: நடந்தால் அவனுக்குக் கொஞ்சம் சரியாகிறதா? ஆமாம் என்றேன். ஃபெரிட்டின் பார்த்துவரச் சொன்னார். 14 வந்தது. ஹீமோகுளோபின் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு. மூளையில் டோபமின் சுரக்க இரும்பு வேண்டும். சேமிப்பு குறைந்தால் ராத்திரியில் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, இழுப்பதுபோல ஓர் அவஸ்தை வரும். அசைத்தால்தான் அடங்கும். இரத்தசோகை இல்லாமலே இது வரலாம். இந்தக் கால் தொல்லை இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபெரிட்டின் 50க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுக்கலாம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. சோறு, தயிர், சிப்ஸ் என்று மூன்று பொருளுக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இது குறைவதில் ஆச்சரியம் இல்லை.

இரும்பு மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு கொடுத்தோம். சாப்பிட்டவுடன் டீ குடிப்பதை நிறுத்தினோம், டீ இரும்பை உறிஞ்ச விடாது. சில மாதங்களில் தேய்ப்பு குறைந்தது. காலையில் முகம் கடுகடுவென்று இருப்பதும் அதோடு குறைந்தது. ஆனால் பரிசோதனை செய்யாமல் யாரும் இரும்பு கொடுக்காதீர்கள். கூடினால் அதுவும் கெடுதல்.

இதேபோலத் தேட வேண்டியவை இன்னும் உண்டு: மலச்சிக்கல், படுத்ததும் நெஞ்சுக்கு ஏறும் புளிப்பு, சொத்தைப் பல், காதுவலி. அப்புறம் வலிப்பு. ஆட்டிசத்தோடு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சிறு வயதில் ஒரு தடவை, பருவ வயதில் இன்னொரு தடவை அந்த வாய்ப்பு கூடுகிறது. தூக்கத்திலேயே வந்துபோகும் வலிப்பும் உண்டு. காலையில் நாக்கு கடிபட்டிருந்தாலோ, என்றும் இல்லாமல் படுக்கை நனைந்திருந்தாலோ, எழுந்ததும் குழம்பிப்போய் நின்றாலோ, தூக்கத்தில் எடுக்கும் இஇஜி (மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனை) பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

24 ஏப்ரல்

மகன் குறட்டை விடுவதாகவும் மாத்திரை ஆரம்பித்த பிறகு எடை கூடியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதைச் சாதாரணமாக விடாதீர்கள்.

ரிஸ்பெரிடோனை 2006இல் அமெரிக்காவில் ஆட்டிசப் பிள்ளைகளின் எரிச்சலுக்கென அனுமதித்தார்கள், அரிபிப்ரசோலை 2009இல். இரண்டும் பலருக்கு உதவுகின்றன. முக்கியமாக முதலாவதில் பசி ஏறும், எடை ஏறும். கழுத்தைச் சுற்றிச் சதை போட்டால் குறட்டை. குறட்டையோடு நடுநடுவே மூச்சு நின்று நின்று வந்தால் அது ஸ்லீப் அப்னியா. இரவெல்லாம் படுத்திருப்பான், ஆனால் மூளை தூங்கியிருக்காது. மறுநாள் எரிச்சல். எரிச்சல் என்று சொன்னால் மாத்திரை அளவு கூடும், எடையும் மறுபடி ஏறும். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்களை எனக்கு நேரில் தெரியும்.

அவன் தூங்கும்போது மூச்சுச் சத்தத்தை மொபைலில் பதிவு செய்யுங்கள். மருத்துவருக்கு அந்தச் சத்தம் போதும், மேற்கொண்டு என்ன பார்ப்பது என்று அவர் சொல்லிவிடுவார். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ டான்சிலோ பெரிதாகியிருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரும் பார்க்கட்டும்.

2 மே

மெலடோனின் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்.

அது தூக்க மாத்திரை இல்லை. இருட்டிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் செய்தி. ஆட்டிசம் உள்ள சிலருக்கு இது இயல்பாகவே குறைவாகச் சுரக்கிறது, அதற்கான மரபணுக் காரணங்களும் சிலரிடம் கண்டறியப்பட்டிருக்கின்றன. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது, முக்கியமாகத் தூக்கம் பிடிக்கும் நேரம் குறைகிறது. நடுராத்திரி விழிப்புக்கு அவ்வளவு உதவாது. அதற்காகவே மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது. ஐரோப்பாவில் 2018இல், 2 முதல் 18 வயது வரை உள்ள ஆட்டிசப் பிள்ளைகளுக்கென்றே அப்படி ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த வகையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது, பொடித்தால் மெதுவாகக் கரையும் தன்மை போய்விடும்.

அமெரிக்க நரம்பியல் அகாதமி 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் உடல் காரணங்கள், கூடவே படுக்கைப் பழக்கங்கள், அதில் தீராவிட்டால் மெலடோனின். ஆரம்ப அளவு 1 முதல் 3 மில்லிகிராம், படுப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. நம் ஊர் மெடிக்கலில் கேட்டவுடன் 10 மில்லிகிராம் எடுத்துத் தருகிறார்கள். அதில் ஆரம்பிக்க வேண்டாம். 2017இல் கனடாவில் கடைகளில் விற்ற மெலடோனின் மாத்திரைகளைச் சோதித்தபோது, பல மாத்திரைகளில் இருந்த அளவுக்கும் லேபிளுக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றில் போட்டிருந்ததைவிடப் பல மடங்கு கூடுதல். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் நிறுவனத்தின் மாத்திரையையே தொடர்ந்து வாங்குங்கள்.

நேரமும் முக்கியம். பதினொன்றரைக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அந்தக் கையோடு டியூப்லைட்டைப் போட்டு வைத்தால் மாத்திரையோடு வெளிச்சம் சண்டை போடும். எங்கள் வீட்டில் எட்டரைக்கு மேல் கூடத்தில் மஞ்சள் ஜீரோ வாட்ஸ் மட்டும்.

11 மே

வெயில் தாங்கவில்லை. திருச்சியில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது. தூக்கம் வர உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும், இந்த மாதம் அது இறங்க மறுக்கிறது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிக்கவையுங்கள். பச்சைத் தண்ணீர் நல்லது என்று தோன்றும். ஆனால் வெதுவெதுப்பான நீரில்தான் தோலுக்கு இரத்தம் வந்து, அப்புறம் வெப்பம் வெளியேறும்.

எடைப் போர்வை, அதாவது உடம்பை அழுத்துவதற்காகக் கனம் சேர்த்துத் தைத்த போர்வை பற்றி ஒருவர் கேட்டார். இணையத்தில் ஆறாயிரம், எட்டாயிரம் ரூபாய் விலை போட்டிருக்கிறதாம். 2014இல் பிரிட்டனில் 5 முதல் 16 வயது ஆட்டிசப் பிள்ளைகளிடம் ஒழுங்கான சோதனை நடந்தது. எடைப் போர்வையிலும் சாதாரணப் போர்வையிலும் தூங்கிய நேரத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எடைப் போர்வைதான் பிடித்திருந்தது. பிடித்திருப்பதும் ஒரு பலன்தான், வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். எங்கள் ஊர் வெயிலில் உடம்பு முழுக்கப் போர்த்த முடியாது. பழைய இலவம்பஞ்சுத் தலையணை இரண்டைத் தொடைமேல் வைத்தால் தம்பிக்கு அதுவே போதுகிறது.

துணியும் பாருங்கள். புது பெட்ஷீட்டின் மொடமொடப்பு அவனுக்கு ஆகாது. அப்பாவின் பழைய வேட்டிகளை இரண்டாக மடித்து விரிக்கிறோம், நூறு தடவை துவைத்துத் துவைத்து மெழுகு மாதிரி ஆனவை. கரையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டோம், அந்த ஜரிகை ஓரம் முழங்கையில் பட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

30 மே

"தனி அறை கொடுங்கள், படுக்கையைத் தூங்க மட்டும் பயன்படுத்துங்கள் என்று எல்லா ஆலோசனையிலும் வருகிறது. எங்கள் வீடு ஒரே கூடம். நான்கு பேரும் அங்கேதான் படுக்கிறோம்" என்று தஞ்சாவூரிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார்.

ஐயா, உங்களிடம் பாய் இருக்கிறது அல்லவா, அது போதும். படுக்கையைத் தூக்கத்தோடு மட்டும் இணைக்க வேண்டும், தூக்கம் வராவிட்டால் அங்கேயே புரளாமல் எழுந்துவிட வேண்டும் என்பது 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் சொன்ன முறை. தூக்கமின்மைக்கு மருந்தில்லாத சிகிச்சையில் இன்றைக்கும் அதுதான் நடுநாயகம். மெத்தைக் கட்டிலில் உட்கார்ந்து படித்து, சாப்பிட்டு, மொபைல் பார்க்கும் வீடுகளுக்குத்தான் அது பெரிய மாற்றம். நாம் காலையில் பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்து வைக்கிறோம், ராத்திரி விரிக்கிறோம். விரிப்பதையே தூக்கத்தின் அடையாளமாக ஆக்கிவிடலாம். தம்பியின் பாயை அவனேதான் விரிக்க வேண்டும், நாங்கள் தொடமாட்டோம். பகலில் அதை எடுத்துப் படுக்கவும் விடுவதில்லை. பகல் தூக்கமும் அப்படித்தான்: நாலு மணிக்கு வடை தின்றவனுக்கு எட்டு மணிக்குச் சாப்பாடு இறங்காது. பள்ளி விட்டு வந்து ஐந்து மணிக்குத் தூங்கிவிடும் பிள்ளைகளுக்கு அந்த ஒன்றை மாற்றினாலே பாதி சரியாகிறது.

கூடத்தில் எல்லோரும் படுப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்டால்தான் சில பிள்ளைகளுக்குத் தூக்கமே வரும். அவன் சுவர் ஓரம், அவனுக்கும் தெருப் பக்க ஜன்னலுக்கும் நடுவில் ஒரு பீரோ. அந்த அளவு தடுப்பு போதும்.

படுத்த பிறகு அவன் திருச்சியிலிருந்து சென்னை வரை ஸ்டேஷன் பெயர்களைச் சொல்வான். அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம். சின்ன ஸ்டேஷன்களையும் விடமாட்டான். நானும் கூடவே சொல்வேன். தாம்பரம் வருவதற்குள் குரல் தேய்ந்துவிடும்.

16 ஜூன்

சென்னையில் ஐடி வேலை பார்க்கும் ஒருவர் எழுதியதை அவர் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன். வயது 31. போன வருடம்தான் ஆட்டிசம் என்று தெரிந்திருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குத் தூங்குகிறார், ஒன்பது மணிக்கு லாகின். சனி ஞாயிறு எழுந்திருப்பதே இல்லை. மனம் எதிலும் ஒட்டவில்லை, சோம்பேறி என்று வீட்டில் பெயர் வாங்கியாகிவிட்டது. "தூக்கம் வராமல் இல்லை அக்கா. படுத்தால் வந்துவிடும். படுக்கத்தான் மனம் வரமாட்டேன் என்கிறது. அந்த மூன்று மணி நேரம்தான் யாரும் என் முகத்தைப் பார்க்காத நேரம்."

இந்தக் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். பகலெல்லாம் கண்ணைப் பார்த்துப் பேசுவது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது, கையை ஆட்டாமல் அடக்கி வைப்பது, கேண்டீன் இரைச்சலில் உட்கார்ந்து சாப்பிடுவது. இந்த மறைப்பு வேலைக்குச் சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது. ஆட்டிச நிலையாளர்கள் இதை மாஸ்கிங் என்கிறார்கள். வருடக்கணக்கில் இப்படியே போனால் தெரிந்த வேலையும் கைவிட்டுப்போகும் அளவுக்கு ஒரு களைப்பு வரும். 2020இல் ஆய்வாளர் டோரா ரேமேக்கரும் அவருடைய குழுவினரும் ஆட்டிச நிலையாளர்களிடமே கேட்டு அதை ஆட்டிசக் களைப்பு என்று விவரித்து எழுதினார்கள். சாதாரணச் சோர்வு இரண்டு நாள் லீவு போட்டால் போகும், இது போகாது.

தம்பிக்கு நான் சொல்லும் முறைகள் இவருக்கு அப்படியே பொருந்தாது. இவர் கடிகாரமும் தாமதமாக இருக்கலாம். விடிந்ததும் மொட்டை மாடி வெளிச்சத்தில் அரை மணி நேரம் நிற்பது அதற்கு உதவும், ஞாயிற்றுக்கிழமையும் எழும் நேரத்தை அதிகம் தள்ளாமல் இருப்பது உதவும். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம், குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் நிற்கும். ஆனால் முதல் வேலை அது இல்லை.

17 ஜூன்

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. ராத்திரி யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அவரிடமிருந்து அந்த மூன்று மணி நேரத்தைப் பிடுங்கினால் மனம் இன்னும் கெடும். அதை முன்னால் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்ததும் ஆறரையிலிருந்து எட்டு வரை கதவு சாத்திய அறை. அம்மா காபி கேட்க வரக் கூடாது, அத்தை போன் வந்தால் கூப்பிடக் கூடாது. அவருடைய அம்மாவிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். வேலையிடத்திலும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைச் சொல்கிறது, ஆட்டிசம் அதில் ஒன்று. பத்தரைக்கு லாகின், கேமராவை அணைத்துவைக்க அனுமதி என்று கேட்பது சலுகைப் பிச்சை இல்லை. ஆனால் அலுவலகத்தில் வெளியே சொல்வதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பதினைந்து வயது மகனின் அம்மாவுக்கும் இதைச் சொல்கிறேன். பள்ளி, அதிலிருந்து டியூஷன், அதிலிருந்து தெரபி என்று ஏழரை வரை அவனை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவன் கூடத்தில் நடக்கும் அந்த இரண்டு மணி வரையிலான நேரம், ஒருவேளை அவனுக்குக் கிடைக்கும் ஒரே சொந்த நேரமோ? மாலையில் ஒன்றைக் குறைத்துப் பாருங்கள்.

28 ஜூலை

ஆடி. கூழ் ஊற்றும் வாரம். குழாய் ஒலிபெருக்கி தெருமுனைக் கம்பத்தில் எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவு வரைக்கும் மாநில அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல். இதெல்லாம் தெரிந்தாலும் நான் காவல் நிலையத்துக்குப் போகவில்லை, அந்தத் தெருவில்தான் நாங்கள் வாழ வேண்டும். விழாக் கமிட்டிக்காரர் வீட்டுக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டே போனேன். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவர் திண்ணையில் உட்கார்ந்தான். "ஏம்ப்பா, இவ்வளவு கஷ்டமா இருக்கா?" என்று அவனிடமே கேட்டார். அன்றைக்கே மைக்செட் பையனைக் கூப்பிட்டுக் குழாயைப் பெரிய ரோட்டுப் பக்கம் திருப்பினார், பத்து மணிக்கு நிறுத்தவும் சொன்னார். எல்லா ஊரிலும் இப்படி நடக்காது என்று தெரியும். ஆனாலும் விழாவுக்கு முன்பே போய்ப் பேசுங்கள், ஆரம்பித்த பிறகு போனால் சண்டையாகத்தான் முடியும்.

மின்வெட்டுக்கும் ஒன்று. காற்று நிற்பதைவிட மின்விசிறியின் சத்தம் நிற்பதில்தான் தம்பி விழித்துக்கொள்கிறான். பேட்டரியில் ஓடும் சின்ன மேசை விசிறி ஒன்று கால்மாட்டில் எப்போதும் ஓடும்.

20 ஆகஸ்ட்

இந்த இழையில் கோபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சோகத்தை யாரும் கேட்கவில்லை. கோபம் வீட்டுக்குத் தொந்தரவு, சோகம் அவர்களுக்கு மட்டும். அதனால் கண்ணில் படுவதில்லை.

ஆட்டிச நிலையாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தன் உணர்ச்சி எது என்று இனம்பிரிப்பதே கடினம். அதை அலெக்ஸிதைமியா என்கிறார்கள். தம்பி துக்கத்துக்கும் பயத்துக்கும் பசிக்கும் ஒரே மாதிரி வயிற்றில் கை வைத்து அழுத்துவான். அப்பா இறந்த பிறகு அவன் அழவே இல்லை, பாரமில்லாமல் இருக்கிறான் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்த மாதங்களில் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து அப்பாவின் செருப்பு இருந்த இடத்தில் போய் நிற்பான். அவன் துக்கம் அந்த நேரத்தில் இருந்தது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களில், வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறவர்கள் 37 சதவீதம், பதற்ற நோய்க்கு 42 சதவீதம் என்று 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். தூக்கமின்மை மனச்சோர்வின் அறிகுறி மட்டும் இல்லை, முன்னால் வரும் காரணமும்கூட. தூக்கமில்லாதவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. இது ஆட்டிசத்தில் மட்டும் இல்லை, பொதுவாகவே அப்படித்தான்.

அதனால் விடியலுக்கு முன்பே விழிப்பு, பிடித்த விஷயத்திலும் ஆர்வம் போவது, சாப்பாடு குறைவது, தெரிந்த வார்த்தைகளும் குறைவது இவை சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். வாழ வேண்டாம் என்ற பேச்சு ஒரு வரி வந்தாலும் அதை அடம் என்று எடுக்காதீர்கள். ஆட்டிச நிலையாளர்களிடம் அந்த எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அரசின் மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசுவார்கள்.

9 செப்டம்பர்

அம்மாக்களின் தூக்கம். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அம்மா பல வருடம் வாசல் கதவுக்குக் குறுக்கே படுத்தார், அவன் எழுந்து போய்விடக் கூடாது என்று. இப்போது அவருக்கு இரத்த அழுத்தம், முழங்கால் வலி. கதவின் மேல்தாழ்ப்பாளில் மாட்டுக்குக் கட்டும் மணி ஒன்றைக் கட்டினோம், யார் தொட்டாலும் எனக்குக் கேட்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் அவன் பக்கத்தில் படுக்கிறேன், அம்மா உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அவன் பக்கத்துல இல்லேன்னா தூக்கம் வராது" என்றார். வந்தது.

அப்பாக்களும் அண்ணன் அக்காக்களும் முறை போட்டுக்கொள்ளுங்கள். "காலையில ஆபீஸ் இருக்கு" என்ற காரணத்தை நான் ஏற்க மாட்டேன். அம்மாவுக்கும் காலையில் ஆறு மணிக்கு அடுப்பு இருக்கிறது.

4 நவம்பர்

கேள்வி கேட்ட சகோதரி பதில் போட்டிருக்கிறார். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெரிதாக இருந்ததாம், சிகிச்சை நடக்கிறது. மாலைத் தெரபியை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்திருக்கிறார்கள். பையன் இப்போது பன்னிரண்டு மணி வாக்கில் தூங்குகிறான். காலையில் கையைக் கடிப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. தீபாவளி வாரம் எல்லாம் தலைகீழானதாம். வெடிக்கக் காலை 6-7, இரவு 7-8 என்றுதான் நேரம், ஆனால் தெரு அதைக் கேட்கவில்லை. அந்த வாரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பாய் விரிக்கும் நேரம், விளக்கைக் குறைக்கும் நேரம் இரண்டையும் மட்டும் பழையபடி பிடியுங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பிவிடுவான். பன்னிரண்டிலிருந்து பதினொன்றுக்கு இழுக்க அவசரப்பட வேண்டாம், கால் மணி கால் மணியாகத்தான் நகரும்.

மாத்திரை அளவைக் குறைப்பது பற்றி அடுத்த மாதம் மருத்துவரிடம் பேசப் போவதாகச் சொல்கிறார். போகும்போது தூக்கக் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு தாளில் இரண்டு வாரம்: படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த தடவைகள், எழுந்த நேரம், மறுநாள் மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து வெடிப்பது) வந்ததா, எப்போது. "சரியாவே தூங்க மாட்டேங்குறான் டாக்டர்" என்று சொன்னால் அவருக்குப் பிடிகிடைக்காது. அந்தத் தாளைப் பார்த்தால் தெரியும்.

5 நவம்பர்

இன்னொருவருக்கு: வழக்கமான இரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் வராது. சீட்டில் தனியாக எழுதச் சொல்லுங்கள். சளி காய்ச்சல் இருக்கும்போது எடுத்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும், உடம்பு சரியான பிறகு எடுங்கள். ஊசிக்குப் பயப்படும் பிள்ளை என்றால், லேபில் கூட்டமில்லாத நேரம் எது என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.